14 மாதமாகப் பதில் வராத பி.எஸ்.எஃப். அப்பீல்: கோர்ட்டில் கெடு வாங்கலாமா?

கேள்வியின் சுருக்கம் இது. ஏற்காடு நாகலூர்ப் பக்கத்துக் குடும்பம். தம்பி மிலிட்டரியில் 12 வருடம் வேலை பார்த்தவர். பட்டாலியனிலேயே ஒரே நாளில் நடந்த விசாரணையில் டிஸ்மிஸ் ஆகி ஊர் திரும்பிவிட்டார். 117-ஆம் பிரிவின் கீழ் டெல்லிக்கு அனுப்பிய மனுவுக்கு 14 மாதமாகப் பதில் இல்லை. சேலத்தில் ஒரு வக்கீல், "ஹைகோர்ட்டில் ரிட் போட்டு எட்டு வாரம் கெடு வாங்கிவிடலாம்" என்கிறார். இன்னொருவர், "மிலிட்டரி கேஸ் எல்லாம் சென்னையில் இருக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயம்தான், ஹைகோர்ட் தொடாது" என்கிறார். யார் சொல்வது சரி?

உங்கள் தம்பி விஷயத்தில் முதல் வக்கீல் சொல்வதுதான் சரி. ஆனால் அவர் சொல்லாமல் விட்டதும் கொஞ்சம் இருக்கிறது.

நம் பக்கத்தில் சீருடை போட்டு வடக்கே போனவர் எல்லாருமே "மிலிட்டரிக்காரர்"தான். சட்டத்துக்கு அப்படி இல்லை. 117-ஆம் பிரிவு என்று எழுதியிருப்பதால் தம்பி இருந்தது எல்லைப் பாதுகாப்புப் படை, அதாவது பி.எஸ்.எஃப். அது உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருவது. அதற்குத் தனியாக 1968-ஆம் வருடச் சட்டம் இருக்கிறது. ராணுவத்தில் கோர்ட் மார்ஷல் என்பதை அங்கே பாதுகாப்புப் படை நீதிமன்றம் என்பார்கள். ஜெனரல், பெட்டி, சம்மரி என்று மூன்று வகை. பட்டாலியனிலேயே கமாண்டன்ட் உட்கார்ந்து ஒரே நாளில் முடித்தார் என்றால் அது சம்மரி. நடைமுறை எல்லாம் ராணுவத்தைப் பார்த்து எழுதியதுதான். ஆனால் 2007-ஆம் வருட ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டம் தரைப்படை, கடற்படை, விமானப்படைச் சட்டங்களின் கீழ் வருபவர்களுக்கு மட்டுமே. பி.எஸ்.எஃப்., சி.ஆர்.பி.எஃப்., சி.ஐ.எஸ்.எஃப்., ஐ.டி.பி.பி., எஸ்.எஸ்.பி., கடலோரக் காவல்படை என்ற இந்த மத்தியப் படைகளில் யாருக்கும் அந்தக் கதவு கிடையாது. அவர்களுக்கு அரசியல் சட்டத்தின் 226-வது கூறுப்படி ஹைகோர்ட்தான். தவறிப்போய் தீர்ப்பாயத்தில் போட்டால் வழக்கு நம்பர் விழுவதற்கு முன்பே திரும்பி வரும். அதற்குள் இரண்டு மாதம் போயிருக்கும்.

இப்போது கெடு விஷயம். 117-ஆம் பிரிவு மத்திய அரசுக்கோ, டைரக்டர் ஜெனரலுக்கோ, விதியில் சொன்ன மேலதிகாரிக்கோ மனு கொடுக்கும் உரிமையைத் தருகிறது. அடுத்த 118-ஆம் பிரிவு, விசாரணை சட்டத்துக்கு மாறானது, அநியாயமானது என்று தெரிந்தால் அதை ரத்து செய்யும் அதிகாரத்தைத் தருகிறது. எத்தனை நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்று இந்த இரண்டு பிரிவிலும் இல்லை. சட்டத்தில் நாள் கணக்கு இல்லாவிட்டால் "நியாயமான காலத்துக்குள்" என்று வைத்துக்கொள்வது கோர்ட்டுகளின் வழக்கம். மனு கொடுக்க சட்டமே உரிமை தந்திருக்கும்போது, அதைப் படித்து ஒரு முடிவு எழுதும் கடமையும் அதிகாரிக்கு உண்டு. அந்தக் கடமையைச் செய் என்று உத்தரவிடுவதுதான் மாண்டமஸ் ரிட். நான்கு வாரம், எட்டு வாரம், பன்னிரண்டு வாரம் என்று கெடு வைப்பார்கள். எட்டு வாரத்தைத்தான் அதிகம் பார்க்கலாம்.

ஆளுநர் வழக்கில் கோர்ட் கெடு விதிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதே என்று சிலர் குழப்புவார்கள். அது குடியரசுத் தலைவரும் ஆளுநரும் மசோதாக்கள் மேல் எடுக்கும் முடிவைப் பற்றி 2025 நவம்பரில் சொன்ன கருத்து. ஒரு படையின் டைரக்டர் ஜெனரல் சட்டப்படி வந்த மனுவைப் பீரோவில் வைத்திருப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதேபோல 2024 பிப்ரவரியில் அலகாபாத் ஹைகோர்ட் வழக்கறிஞர் சங்க வழக்கில், வேறு கோர்ட்டுகளில் நிலுவையில் உள்ள வழக்குகளுக்குச் சாதாரணமாகக் கெடு வைக்க வேண்டாம் என்று ஐந்து நீதிபதிகள் சொன்னார்கள். அது கோர்ட்டுக்குக் கோர்ட் வைக்கும் கெடு. உங்கள் மனு இருப்பது நிர்வாக அதிகாரியின் மேஜையில். எதிர்த்தரப்பு இந்தத் தீர்ப்புகளைக் காட்டினால் இந்த வித்தியாசத்தைச் சொன்னால் போதும்.

தாமதம் ஆனதற்காகவே தண்டனை ரத்தாகிவிடுமா? இந்த நம்பிக்கையில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 1991-இல் அந்துலே வழக்கில், விரைவான நீதிக்கான உரிமை அப்பீல், ரிவிஷன் வரை நீளும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் இத்தனை வருடம் என்று கோடு போட மறுத்தது. 2002-இல் பி. ராமச்சந்திர ராவ் வழக்கில் ஏழு நீதிபதிகள், எல்லா வழக்குக்கும் பொதுவாக ஒரு கடைசித் தேதி வைத்து, அதைத் தாண்டினால் வழக்கு முடிந்தது என்று கோர்ட் விதி போட முடியாது என்றார்கள். தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரிந்த உதாரணம் பேரறிவாளன், முருகன், சாந்தன் வழக்கு: கருணை மனு 11 வருடம் கிடந்தது என்பதற்காக 2014 பிப்ரவரியில் தூக்கு ஆயுளாகக் குறைந்தது. அது உயிர் சம்பந்தப்பட்டது. வேலை போன வழக்கில் 14 மாதத் தாமதம் அந்தப் பலனைத் தராது. கெடு உத்தரவு உங்களுக்கு ஒரு பதிலை வாங்கித் தரும். அது சாதகமான பதில் என்று நினைத்துவிடாதீர்கள்.

அதனால் முதலில் யோசிக்க வேண்டியது, உங்களுக்குக் கெடு வேண்டுமா, டிஸ்மிஸ் ஆர்டரையே நேராகத் தாக்க வேண்டுமா என்பதுதான். இதற்கான பதில் விசாரணைப் பதிவேட்டின் நகலில் இருக்கிறது. அது கையில் இருந்தால் இன்றே எடுத்து, குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எழுதிய பக்கத்தைத் திறங்கள். சம்மரி விசாரணைகளில் கணிசமானவை "கில்டி ப்ளீ", அதாவது குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்று ஒரே பக்கத்தில் முடிபவை. பி.எஸ்.எஃப். விதி 142-இன்படி, அப்படிப் பதிவு செய்யும் முன், குற்றச்சாட்டு என்ன, ஒப்புக்கொண்டால் என்ன ஆகும், விசாரணை முறையே எப்படி மாறும் என்பதை அவருக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். சாட்சிப் பதிவைப் பார்த்தால் ஒப்புக்கொள்ளாமல் இருப்பதே அவருக்கு நல்லது என்று தோன்றினால் அந்த ஒப்புதலை மாற்றிக்கொள்ளச் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்தில் மூன்று விஷயம் பாருங்கள். தம்பியின் கையெழுத்து அங்கே இருக்கிறதா? எடுத்துச் சொன்னோம் என்பது அவர் வழக்குக்கு என்று எழுதிய வரிகளா, எல்லாருக்கும் பொதுவாக டைப் அடித்து வைத்த வரிகளில் பெயரும் தேதியும் மட்டும் நிரப்பியதா? முன்பு எடுத்த சாட்சிப் பதிவில் அவர் குற்றத்தை மறுத்திருக்கிறாரா? மறுத்தவர் சில நாளில் திடீரென ஒப்புக்கொண்டார், அதுவும் கையெழுத்தில்லாமல் என்றால், அந்த வழக்கு உள்ளுக்குள் ஓட்டைதான். 2023-இல் ஜோகேஷ்வர் ஸ்வைன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் பார்த்தது. கையெழுத்தில்லாத ஒப்புதல், சூழ்நிலையே சந்தேகம். டிஸ்மிஸ்ஸை ரத்து செய்த டெல்லி ஹைகோர்ட் தீர்ப்பு நின்றது.

இந்த மாதிரி ஓட்டை தெளிவாகத் தெரிந்தால், கெடு மட்டும் கேட்டு ரிட் போடுவது வீண் சுற்று என்பது என் கருத்து. எட்டு வாரம், நீட்டிப்பு, நிராகரிப்பு, மறுபடி ரிட் என்று ஒன்றரை வருடம் போய்விடும். சட்டப்படி கொடுக்க வேண்டிய மனுவைக் கொடுத்தாயிற்று, 14 மாதம் காத்தாயிற்று. மாற்று வழி இருக்கிறது என்பது 226-க்கு முழுத் தடை அல்ல என்று 1998-இல் வேர்ல்பூல் வழக்கிலேயே சொல்லியாகிவிட்டது. நேராக டிஸ்மிஸ் ஆர்டரை ரத்து செய்யக் கேட்கலாம்.

அப்படிக் கேட்கும்போது ஒரு பழக்கத்தை விட்டுவிட வேண்டும். "இல்லாவிட்டால் மனுவை எட்டு வாரத்தில் முடிவு செய்ய உத்தரவிடவும்" என்று ஒரு மாற்றுக் கோரிக்கையை வக்கீல்கள் கையோடு கையாகச் சேர்த்துவிடுவார்கள். அட்மிஷன் அன்று, அதாவது வழக்கை ஏற்பதா என்று முதலில் பார்க்கும் நாளில், நூற்றுக்கணக்கான வழக்கோடு உட்கார்ந்திருக்கும் நீதிபதியின் கண் அந்த வரியில்தான் போய் நிற்கும். மத்திய அரசு வக்கீலும் "ஆட்சேபணை இல்லை" என்று உடனே எழுந்துவிடுவார். ஐந்து நிமிடத்தில் வழக்கு முடியும். நீங்கள் கேட்ட பெரிய விஷயம் அப்படியே நிற்கும். உத்தரவின் கடைசியில் "மனுவின் தகுதி குறித்து இந்த நீதிமன்றம் கருத்து எதையும் கூறவில்லை" என்று ஒரு வரியும் இருக்கும்.

பதிவேட்டு நகல் இன்னும் கைக்கு வரவில்லை, அல்லது ஓட்டை அவ்வளவு தெளிவாக இல்லை, தண்டனை அதிகம் என்பதுதான் குறை என்றால் கதை வேறு. தண்டனையைக் குறைப்பது மேலதிகாரிக்குச் சுலபம். கோர்ட் அதில் அவ்வளவு சீக்கிரம் கை வைக்காது. அப்போது கெடு ரிட் போடுவதே நல்லது. அதே ரிட்டில், முடிவு எடுக்கும் முன் பதிவேட்டின் முழு நகலைத் தர வேண்டும், அதைப் பார்த்துக் கூடுதல் மனு கொடுக்க இரண்டு வாரம் வேண்டும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரிட்டுக்கு முன் கையில் இருக்க வேண்டிய காகிதங்கள். மனுவின் நகல், அதில் தம்பியின் கையெழுத்து. மனைவியோ அம்மாவோ கையெழுத்திட்டு, பிரதமருக்கும் குடியரசுத் தலைவருக்கும் அனுப்பியது சட்டப்படியான மனு அல்ல; இணையத்தில் அரசின் குறைதீர் தளத்தில் போட்டதும் அப்படித்தான், "மூடப்பட்டது" என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான். டைரக்டர் ஜெனரல் பெயருக்கு, 117-ஆம் பிரிவைக் குறிப்பிட்டு, பழைய பட்டாலியனுக்கு ஒரு நகலோடு போயிருக்க வேண்டும். அடுத்தது போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சி. ஸ்பீட் போஸ்ட் ரசீது மட்டும் போதாது. "டெலிவர்டு" என்று வரும் டிராக்கிங் பக்கத்தை அன்றே பிரின்ட் எடுங்கள், பல மாதம் கழித்துத் தேடினால் கிடைக்காது. ரசீது வெப்பத்தாளில் அச்சானது, ஏற்காட்டு ஈரத்தில் எழுத்து மறைந்துவிடும். வாங்கியதும் போட்டோ எடுத்து ஜெராக்ஸ் போட்டு வையுங்கள். டிஸ்மிஸ் ஆர்டர் வந்த கவரைக் கிழித்துப் போட்டவர்களைப் பற்றி என்ன சொல்ல! அந்தக் கவரில் இருக்கும் தபால் முத்திரைதான் ஆர்டர் எப்போது உங்கள் கைக்கு வந்தது என்பதற்கு ஒரே சாட்சி.

பிறகு, ரிட் போடும் முன் ஒரு நினைவூட்டல் கடிதம், அதில் 30 நாள் அவகாசம். கேட்டும் செய்யவில்லை என்று காட்டினால்தான் மாண்டமஸ்ஸுக்கு வலு. ஒன்று போதும், இரண்டு தாராளம். பத்து நினைவூட்டல் அனுப்பினால் காலம் புதுப்பிக்கப்படும் என்று நினைக்காதீர்கள். 1989-இல் எஸ்.எஸ். ரத்தோர் வழக்கில் ஏழு நீதிபதிகள் சொன்னது இது: சட்டப்படியான அப்பீலின் முடிவு வந்த நாள், அல்லது அப்பீல் கொடுத்து ஆறு மாதம் முடிந்த நாள், அதிலிருந்துதான் காலக் கணக்கு, சட்டத்தில் இல்லாத மனுக்களை மீண்டும் மீண்டும் கொடுப்பது கணக்கில் வராது. அது அரசு ஊழியர் வழக்கு, ரிட்டுக்கு அப்படிக் கறாரான நாள் கணக்கு இல்லை. இருந்தாலும் நீதிபதியின் மனதில் ஓடுவது இந்தக் கணக்குதான். 2008-இல் சி. ஜேக்கப் வழக்கில் இன்னொன்றும் சொன்னார்கள்: வருடக்கணக்கில் தூங்கிவிட்டு ஒரு மனு கொடுத்து, அதைப் பரிசீலிக்க உத்தரவு வாங்கினாலும், செத்த உரிமை அதனால் உயிர் பெறாது. டிஸ்மிஸ் ஆன கையோடு மனு கொடுத்தவருக்கு 14 மாதம் ஒன்றும் பிரச்சினை இல்லை. ஆறு வருடம் கழித்துக் கொடுத்தவருக்குத்தான் இது இடிக்கும்.

மனு எந்த மேஜையில் இருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாமே என்று தோன்றும். பி.எஸ்.எஃப்., சி.ஆர்.பி.எஃப். போன்ற படைகள் அந்தச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில் இருக்கின்றன. ஊழல், மனித உரிமை மீறல் தவிர மற்றதற்கு 24-ஆம் பிரிவைக் காட்டிப் பதில் தர மறுப்பார்கள். ராணுவத்துக்கு அந்த விலக்கு கிடையாது. அங்கே கேட்டால் கோப்பின் நிலையாவது தெரிய வரும்.

எந்த ஹைகோர்ட் என்பதில்தான் நிறைய வழக்குகள் முதல் நாளே தடுக்கி விழுகின்றன. சேலம் மாவட்டம் மதுரைக் கிளையின் கீழ் வராது, சென்னைதான். ஆனால் விசாரணை நடந்தது மேற்கு வங்காளத்திலோ திரிபுராவிலோ, மனு கிடப்பது டெல்லி லோதி ரோட்டில். "சென்னைக்கு அதிகார எல்லை இல்லை" என்பதுதான் எதிர்த்தரப்பின் முதல் வாதமாக இருக்கும். வழக்குக் காரணத்தின் ஒரு பகுதி நம் எல்லைக்குள் எழுந்தாலும் போதும் என்று 226-வது கூறின் இரண்டாம் உட்பிரிவு சொல்கிறது. 2014-இல் நவல் கிஷோர் சர்மா வழக்கில், உடல்நலக் காரணத்தால் வேலை போய் பீகாரில் வீடு திரும்பிய கப்பல் ஊழியருக்கு, நிராகரிப்புக் கடிதம் வீட்டில் வந்து சேர்ந்தது உட்பட எல்லாவற்றையும் பார்த்து, பாட்னா ஹைகோர்ட்டே விசாரிக்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். அதனால் மனுவில், ஆர்டர் ஊர் வீட்டில் வந்து சேர்ந்தது, அப்பீல் சேலம் தபால் நிலையத்திலிருந்து போனது என்ற விவரங்களைத் தேதியோடு எழுதுங்கள். கெடு மட்டும் கேட்பதாக இருந்தால் டெல்லி ஹைகோர்ட்டில் எல்லைத் தகராறே எழாது. டைரக்டர் ஜெனரல் அங்கேதான் இருக்கிறார். செலவையும் மொழியையும் பார்த்து முடிவு செய்யுங்கள். ஏற்காடு எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் விடிகாலை சென்ட்ரலில் இறங்கி வக்கீலைப் பார்த்துவிட்டு வரலாம். டெல்லி அப்படி இல்லை.

இனி கோரிக்கையின் வாசகம். "மனுவைப் பரிசீலிக்க உத்தரவிடவும்" என்று மொட்டையாக எழுதினால் மொட்டையான பதில்தான் வரும். மனுவின் தேதி, முடிவு எடுக்க வேண்டிய அதிகாரியின் பதவிப் பெயர், எத்தனை வாரம், இந்த மூன்றும் அந்த வரியிலேயே இருக்க வேண்டும். அதிகாரி பெயர் தவறினால், "எனக்கு அதிகாரம் இல்லை, மேலே அனுப்பிவிட்டேன்" என்று எட்டாவது வாரம் ஒரு கடிதம் வரும். அதில் குற்றம் சொல்லவும் முடியாது. நான்காவதாக, எழுப்பிய ஒவ்வொரு வாதத்துக்கும் காரணம் எழுதிய உத்தரவு, வக்கீல்கள் ஸ்பீக்கிங் ஆர்டர் என்பது. படைகளில் இதைக் கேட்டு வாங்கியே ஆக வேண்டும். 1990-இல் எஸ்.என். முகர்ஜி வழக்கில் அரசியல் சாசன அமர்வு, நிர்வாக உத்தரவுகளுக்குக் காரணம் எழுத வேண்டும் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, ராணுவச் சட்டத்தின் கீழ் கோர்ட் மார்ஷல் முடிவை உறுதி செய்பவருக்கும் அதன் பின்னான மனுவைப் பார்ப்பவருக்கும் அந்தக் கட்டாயம் இல்லை என்று விலக்கு கொடுத்தது. அந்த விலக்கை மற்ற படைகளும் பிடித்துக்கொள்ளும். ஹைகோர்ட் உத்தரவிலேயே "காரணங்களுடன்" என்ற சொல் இருந்தால் அந்தச் சாக்கு அடைபட்டுவிடும். அடுத்த சுற்றில் நிராகரிப்பைத் தாக்க அந்தக் காரணங்கள்தான் உங்களுக்குக் கைப்பிடி.

உத்தரவு வந்த பிறகுதான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். "இந்த உத்தரவின் நகல் கிடைத்த நாளிலிருந்து எட்டு வாரத்துக்குள்" என்று எழுதியிருக்கும். தீர்ப்புச் சொன்ன நாளிலிருந்து அல்ல. நகலைக் கொண்டு சேர்ப்பது உங்கள் வேலை; கோர்ட்டே அனுப்பிவிடும் என்று வீட்டில் இருந்தால் கடிகாரம் ஓடவே ஓடாது. ஜூன் 10-இல் உத்தரவு, ஜூன் 27-இல் சர்டிஃபைட் காப்பி, ஜூலை 4-இல் டெல்லியில் டெலிவரி என்று வைத்துக்கொள்வோம். எட்டு வாரம் முடிவது ஆகஸ்ட் 29. இணையத்திலிருந்து இறக்கிய காப்பியை மட்டும் அனுப்பினால், "சான்று நகல் வரவில்லை" என்று ஒரு தகராறு பின்னால் கிளம்பலாம். சான்று நகலோடு மூல மனுவின் இன்னொரு பிரதியையும் வைத்து, முகப்புக் கடிதத்தில் கெடு முடியும் தேதியை நீங்களே கணக்கிட்டு எழுதி, டைரக்டர் ஜெனரலுக்கும், அவர் அலுவலகச் சட்டப் பிரிவுக்கும், வழக்கில் வந்த அரசு வக்கீலுக்கும் தனித்தனியாக அனுப்புங்கள்.

கெடு தாண்டினால் முதலில் வக்கீல் நோட்டீஸ், பிறகு நீதிமன்ற அவமதிப்பு மனு. 1971-ஆம் வருடச் சட்டத்தின் 20-ஆம் பிரிவுப்படி அவமதிப்பு நடந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் நடவடிக்கை தொடங்க வேண்டும். மேலே சொன்ன கணக்கில், ஆகஸ்ட் 29-க்கு அடுத்த நாளிலிருந்து ஒரு வருடம். அவமதிப்பு மனுவின் நகல் டெல்லிக்குப் போய்ச் சேர்ந்த வேகத்தில் ஒன்று நடக்கும்: அவகாசம் நீட்டிக்கக் கேட்டு மனு வரும், அல்லது இரண்டு பக்கத்தில் நிராகரிப்பு வரும். நிராகரிப்பு வந்துவிட்டால் அவமதிப்பு அத்தோடு முடிந்தது. முடிவு சரியா தவறா என்று அந்த மனுவில் பார்க்க முடியாது, அது புதிய வழக்குக் காரணம் என்று 1996-இல் ஜே.எஸ். பரிஹார் வழக்கிலிருந்து சொல்லி வருகிறார்கள். கெடு தாண்டி வந்த உத்தரவு அதனால் மட்டும் செல்லாததாகியும் விடாது. தாண்டினால் என்ன ஆகும் என்று கோர்ட் எழுதியிருந்தால் தவிர. அப்படி எழுதுவது அபூர்வம்.

இதைப் படிப்பவர்களில் ராணுவத்தில் இருந்து டிஸ்மிஸ் ஆனவர்களும் இருப்பீர்கள். உங்களுக்கு நான் சொல்வது தலைகீழ்: கெடு கேட்டு எங்கும் போகாதீர்கள். உங்களுக்குச் சட்டமே கெடு வைத்திருக்கிறது. 1950-ஆம் வருட ராணுவச் சட்டத்தின் 164-ஆம் பிரிவில் மனு கொடுத்து ஆறு மாதத்தில் முடிவு வராவிட்டால், தீர்ப்பாயச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி, நீங்கள் அந்த வழியை முழுதாகப் பயன்படுத்தியதாகவே கணக்கு. அடுத்த ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும் என்கிறது 22-ஆம் பிரிவு. 2025 ஜனவரி 5-இல் மனு கொடுத்தவருக்கு ஜூலை 5-இல் கதவு திறக்கும், 2026 ஜனவரி 5-இல் மூடும். அதற்குள் இறுதி முடிவு வந்தால் அந்த நாளிலிருந்து ஆறு மாதம். தாண்டினால் தக்க காரணம் காட்டி மன்னிப்புக் கேட்கலாம். ஆனால் "பதில் வரும் என்று காத்திருந்தேன்" என்பது நல்ல காரணமாக எடுபடுவதில்லை. காத்திருந்தே இந்த ஜன்னலைத் தவறவிட்டவர்கள் அதிகம்.

தீர்ப்பாயம் கெடு வாங்கும் இடமும் அல்ல. 15-ஆம் பிரிவுப்படி அது தண்டனையையே ரத்து செய்யலாம், குறைக்கலாம், ராணுவக் காவலில் இருப்பவருக்கு ஜாமீன் தரலாம். இவ்வளவு அதிகாரம் இருக்கும் இடத்தில் போய், "என் மனுவை அதிகாரி படிக்கச் சொல்லுங்கள்" என்று கேட்பானேன்? அதோடு, கெடு மீறலுக்காக அவமதிப்பு நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்குச் சட்டத்தில் தெளிவாக இல்லை. 19-ஆம் பிரிவு தீர்ப்பாயத்தை இழிவாகப் பேசுவது, விசாரணைக்கு இடையூறு செய்வது போன்றவற்றைத்தான் சொல்கிறது. உத்தரவை நிறைவேற்றக் கேட்டு 29-ஆம் பிரிவில் தனி மனு போட வேண்டியிருக்கும். ஒரு விலக்கையும் கவனியுங்கள்: சம்மரி கோர்ட் மார்ஷலில் கொடுத்த தண்டனை டிஸ்மிஸ்ஸும் இல்லை, மூன்று மாதத்துக்கு மேல் சிறையும் இல்லை என்றால், சர்வீஸ் விஷயம் என்று சொல்லித் தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது, அதை ஹைகோர்ட்டில்தான் பார்க்க வேண்டும். தீர்ப்பாயத்தின் இறுதி உத்தரவுக்கு மேல் ஹைகோர்ட் ரிட் உண்டா என்பதில் எட்டு வருடம் குழப்பம் இருந்தது. 2023 மார்ச்சில் பர்ஷோத்தம் தாஸ் வழக்கில் உண்டு என்று தெளிவாக்கிவிட்டார்கள்.

சி.ஆர்.பி.எஃப். காரர்களுக்கு இன்னொரு கணக்கு. பெரும்பாலும் அங்கே கோர்ட் நடக்காது, 1955 விதிகளில் 27-ஆம் விதிப்படி துறை விசாரணைதான். 28-ஆம் விதியில் 30 நாளுக்குள் அப்பீல், அது தோற்றால் 29-ஆம் விதியில் ரிவிஷன். அப்பீல் தூங்கினால் கெடு ரிட் போடலாம், மேலே சொன்னது எல்லாம் பொருந்தும்.

தாமதத்துக்கே ஒரு விலை வைத்த ராணுவ நீதிமுறை உண்டா என்றால், அமெரிக்காவைச் சொல்லலாம். அங்கே ராணுவ அப்பீல்களுக்கான உச்ச கோர்ட் 2006-இல் மொரேனோ வழக்கில் மூன்று கோடு போட்டது. தண்டனையிலிருந்து 120 நாளில் மேலதிகாரி நடவடிக்கை, அதன்பின் 30 நாளில் அப்பீல் கோர்ட்டில் பதிவு, பதிவிலிருந்து 18 மாதத்தில் தீர்ப்பு. தாண்டினால் தாமதம் நியாயமற்றது என்ற அனுமானம் எழும். ஏன் தாமதம் என்று அரசு விளக்க வேண்டும். தண்டனை தானாக ரத்தாகாது. அந்த மொரேனோவின் அப்பீல் முடிய 1,688 நாள் ஆகியிருந்தது. நம் கோர்ட்டுகள் வழக்குக்கு வழக்கு தனிக் கெடுதான் வைக்கின்றன. பொதுக் கோடு போட ராமச்சந்திர ராவ் தீர்ப்பு குறுக்கே நிற்கிறது.

கடைசியாகச் செலவும் விலாசமும். நீங்கள் ஏற்காட்டு மலையாளி சமூகம் என்றால், சேலம் மாவட்டத்தில் அது பழங்குடியினர் பட்டியலில் இருக்கிறது. 1987-ஆம் வருடச் சட்ட உதவிச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி பழங்குடியினர், பட்டியல் சாதியினர், பெண்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. சேலம் கோர்ட் வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் சாதிச் சான்றிதழ், ஆதார், மேலே சொன்ன காகிதங்களின் நகலோடு மனு கொடுங்கள். ஹைகோர்ட் வழக்கு என்பதால் சென்னையில் உள்ள ஹைகோர்ட் சட்டப்பணிகள் குழுவுக்கு அனுப்பி, அங்கே வக்கீல் ஒதுக்குவார்கள். மனுதாரர் தம்பி என்பதால் விண்ணப்பத்தில் அவர் கையெழுத்து வேண்டும்.

விலாசம் சின்ன விஷயம் போலத் தெரியும். எஸ்டேட் லைன் வீட்டு விலாசம் கொடுத்து, தபால்காரர் வரும் நேரத்தில் எல்லாரும் காப்பித் தோட்டத்தில் இருந்தால், கவர் "கதவு பூட்டியிருந்தது" என்று குறிப்போடு டெல்லிக்குத் திரும்பிவிடும். அங்கே கோப்பில் "முடிவு அனுப்பப்பட்டது" என்று எழுதி மூடிவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து நீங்கள் கெடு ரிட் போட்டால், அரசு வக்கீல் எழுந்து, "மனு எப்போதோ நிராகரிக்கப்பட்டுவிட்டது" என்று ஒரு நகலை நீட்டுவார். அதனால் இப்போது அனுப்பப் போகும் நினைவூட்டல் கடிதத்திலேயே சேலத்தில் எப்போதும் ஆள் இருக்கும் உறவினர் வீட்டு விலாசத்தையும், ஒரு மின்னஞ்சலையும், செல் நம்பரையும் சேர்த்து, "இதற்கு முன் முடிவு ஏதும் எடுத்திருந்தால் அதன் நகலை அனுப்பவும்" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். அந்த நகல் வந்தால் கெடு ரிட்டே தேவையில்லை. நிராகரிப்பை எதிர்த்து நேராக டிஸ்மிஸ் வழக்குக்கே போய்விடலாம்.